எச்சம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வு. ஊழியர்களின் பணிநிறைவு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு, நான் புறத்தேர்வாளர். திரையில் ஒரு படம் விழுந்தது. நான்கு நீள்வட்டங்கள், அவற்றைச் சுற்றிச் செவ்வகங்கள், இடையே அம்புகள், அம்புகளின் மேல் தசம எண்கள். ஒவ்வொரு செவ்வகத்தின் முதுகிலும் ஒரு சின்ன வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. இ-1, இ-2 என்று தொடங்கி இ-18 வரை அவற்றுக்குப் பெயர். “இந்தச் சின்ன வட்டமெல்லாம் என்னம்மா?” என்று கேட்டேன். மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது சாஃப்ட்வேர்ல போட்டாகணும் சார். போடலேன்னா ரன் ஆகாது.”

பதில் தவறில்லை. அந்த வட்டங்கள் இல்லாவிட்டால் மென்பொருள் மறுத்துவிடும். கட்டமைப்புச் சமன்பாடு என்ற இந்த முறை நம் பக்கத்து மேலாண்மை, வணிகவியல், கல்வியியல் துறைகளில் இன்று வீட்டுச் சமையல்போல ஆகிவிட்டது. ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு கேள்வித்தாள், சில நூறு பேரின் விடைகள், ஏமோஸ் மென்பொருளில் ஒரு படம். அன்று பட்டம் கொடுத்தோம், கொடுத்தது சரிதான். எனக்கு உறுத்தியது வேறு. படத்தில் பதினெட்டு இடங்களில் இருந்தது அந்தச் சின்ன வட்டம். அதைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்ட எனக்கே முழுப் பதில் தெரியுமா என்ற சந்தேகத்தில் அன்றிரவு சமூகவியலாளர் ஓட்டிஸ் டட்லி டங்கனின் பாடநூலை மறுபடி எடுத்தேன்.

1975-இல் அகடமிக் பிரஸ் வெளியிட்ட நூல் அது. கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரிகளுக்கு ஓர் அறிமுகம் என்பது தலைப்பு. அளவில் சிறியது. இன்று இத்துறையில் வரும் பாடநூல்களைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தோள்பை வேண்டும். டங்கனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படிக்கலாம். மென்பொருளின் திரைப்பிடிப்பு ஒன்றும் அதில் கிடையாது. பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு, மூன்று மாறி, நான்கு மாறி என்று படிப்படியாகப் போகிறார். மாதிரியையே தவறாக வரைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். முடிவுப் பகுதியில் வாசகரை எச்சரிக்கவும் செய்கிறார்: எண்களின் மேல் இயந்திரம்போல ஓட்டினால் ஆய்வு தானாக விழும், அதற்கான உத்தி இது என்று நம்பி யாரும் இதைக் கற்க வரவேண்டாம் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். கடைசியில் இப்படிச் சொல்லும் பாடநூல்கள் குறைவு.

இந்த முறைக்குச் சமூகவியலில் பெயர் வாங்கித் தந்த படம் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. பீட்டர் பிளாவும் டங்கனும் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட அமெரிக்கத் தொழிற்கட்டமைப்பு பற்றிய நூலில் அது இருக்கிறது. 1962-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, 20 முதல் 64 வயது வரையிலான ஆண்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களின் தொழிலையும் அவர்களுடைய தந்தையரின் தொழிலையும் கேட்டுப் பதிந்தது. படத்தில் ஐந்தே புள்ளிகள்: தந்தையின் கல்வி, தந்தையின் தொழில், மகனின் கல்வி, மகனின் முதல் வேலை, 1962-இல் மகன் பார்த்துக்கொண்டிருந்த வேலை. பெண்களைக் கேட்கவில்லை, தாயின் கல்வியும் தொழிலும் படத்தில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

தந்தையின் தொழில்நிலைக்கும் மகனின் தொழில்நிலைக்கும் உள்ள ஒட்டுறவு 0.405. அப்பன் எப்படியோ பிள்ளை அப்படி என்று ஊர் சொல்வதன் எண்வடிவம் இது. படம் அந்த எண்ணைப் பிரித்துக் காட்டுகிறது. தந்தையிடமிருந்து மகனின் இன்றைய வேலைக்கு நேராகப் போகும் அம்பின் மதிப்பு 0.115 மட்டும். தந்தையின் தொழில் மகனின் படிப்பைத் தொட்டு, அந்தப் படிப்பு வேலையைத் தொடும் வழி ஒன்று: 0.279-ஐ 0.394-ஆல் பெருக்கினால் 0.110. முதல் வேலை வழியாகப் போவது 0.063. படிப்பும் முதல் வேலையும் இரண்டும் சேர்ந்த வழி 0.034. தந்தையின் தொழிலோடு கூடவே வரும் தந்தையின் கல்வி வழியாக வருவது 0.083. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.405 வரும். முதன்முறை இதை நானே தாளில் போட்டுப் பார்த்தபோது, பாகப்பிரிவினையில் கடைசிக் குழி நிலம்வரை கணக்கு நேரானதுபோல ஒரு திருப்தி. மகன்களுக்குத் தந்தை நேரே கொடுத்தது சிறிது. பள்ளிக்கூடத்தின் கைவழியாகக் கொடுத்தது அதிகம் என்று இந்தக் கணக்கு சொன்னது. 

ஆனால் அதே படத்தில் வேறு மூன்று அம்புகளும் இருக்கின்றன. அவை எந்தப் புள்ளியிலிருந்தும் புறப்படவில்லை. வெற்றுத்தாளிலிருந்து வந்து மகனின் கல்வியையும் முதல் வேலையையும் இன்றைய வேலையையும் குத்துகின்றன. அவற்றின் மதிப்புகள் 0.859, 0.818, 0.753. படத்திலுள்ள மற்ற எந்த எண்ணையும்விடப் பெரியவை. கடைசி எண்ணை வர்க்கப்படுத்தினால் 0.567. அதாவது, தந்தையின் கல்வி, தந்தையின் தொழில், தன் படிப்பு, தன் முதல் வேலை என்ற நான்கையும் தெரிந்துகொண்ட பிறகும், ஓர் ஆண் இன்னோர் ஆணிடமிருந்து தொழில்நிலையில் வேறுபடுவதில் 57 சதவீதம் விளக்கப்படாமல் நிற்கிறது.

இதற்கும் அந்தச் சின்ன வட்டங்களுக்கும் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் எச்சம். கழித்துப்போட்டால் மிஞ்சுவது. இந்தச் சொல்லை வைத்தவர் யோசித்து வைத்தாரோ கைக்கு வந்ததை வைத்தாரோ, தமிழில் அது வெறும் மீதியோடு நிற்கவில்லை. பழைய வழக்கில் எச்சம் என்றால் ஒருவர் விட்டுச்செல்லும் மக்கட்பேறு. இலக்கணத்தில் எச்சம் என்றால் முடியாத சொல்: ‘வந்த’ என்பது பெயருக்காகக் காத்திருக்கிறது, ‘வந்து’ என்பது வினைக்காகக் காத்திருக்கிறது. தந்தையர் விட்டுச்சென்ற மகன்களைப் பற்றிய ஓர் ஆய்வில், கணக்கு விட்டுவைத்த மீதிக்கும் அதே பெயர் வந்து அமைந்திருக்கிறது. இலக்கணம் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், அந்த மீதி இன்னொரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது என்றும் ஆகிறது.

அம்புபோட்டுக் கணக்கிடும் இந்த வழக்கம் சமூகவியலில் பிறந்தது இல்லை. டங்கன் இதை உயிரியலிலிருந்து எடுத்துவந்து 1966-இல் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழில் ஒரு கட்டுரையாக எழுதினார். மூலவர் சூவல் ரைட். 1915 முதல் பத்தாண்டுகள் அமெரிக்க வேளாண்துறையில் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்தவர். பேச்சு மும்முரத்தில் கையிலிருந்த கினிப் பன்றியால் கரும்பலகையைத் துடைத்துவிட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கட்டுக்கதைகூட உண்டு. கினிப் பன்றியின் தோலில் வெள்ளைத்திட்டு எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிப்பது எது? 1920-இல் வெளியிட்ட கட்டுரையில் ரைட் அம்பு வரைந்து கணக்கிட்டார். கலந்து பெருகிய கூட்டத்தில் மரபின் பங்கு சுமார் 42 சதவீதம். ஓரீற்றுக் குட்டிகளுக்குப் பொதுவான சூழலின் பங்கு இல்லை என்றே சொல்லலாம். மிச்சம் சுமார் 58 சதவீதம், கருவில் வளரும்போது குட்டிக்குக் குட்டி நேரும் சிறு ஏறுமாறுகளுக்குப் போனது.

கினிப் பன்றியின் வெள்ளைத்திட்டில் 58. அமெரிக்க ஆணின் தொழிலில் 57. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயல். அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் ரைட் அந்த 58-ஐ ஒளித்துவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் படத்திலேயே அதற்கு ஓர் எழுத்துக் கொடுத்து, மரபு, சூழல் ஆகியவற்றோடு சரியாசனத்தில் உட்காரவைத்தார்.

ரைட்டின் முறையை நம் வீட்டுக்கணக்கிலேயே பார்க்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைக்கு ஒரே முன்னோரின் மரபுக்கூறு இரு வழியாகவும் வந்துசேரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட 1922-இல் அவர் ஒரு கெழுவைத் தந்தார். அத்தை மகளை மணந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தந்தையிடமிருந்து பொதுப்பாட்டன் வரை ஏறித் தாய் வரை இறங்கும் பாதையில் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதி. பாதியை ஐந்துமுறை பெருக்கினால் 32-இல் ஒரு பங்கு. பாட்டி வழியாக இன்னொரு 32-இல் ஒரு பங்கு. கூட்டினால் 16-இல் ஒரு பங்கு. அக்கா மகளை மணந்தால் பாதையில் ஒருவர் குறைவார். 8-இல் ஒரு பங்கு ஆகும். பாதையில் உள்ளதைப் பெருக்கு, பாதைகளைக் கூட்டு: பிளாவும் டங்கனும் செய்ததும் இதே வேலைதான். ரைட்டின் தாயும் தந்தையும்கூட ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். அந்த 16-இல் ஒரு பங்கு அவருக்கே பொருந்தும்.

அந்தத் தந்தையும் இந்தக் கதைக்குள் வருகிறார். ஃபிலிப் ரைட் பொருளாதார ஆசிரியர். இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் லம்பார்ட் கல்லூரியில் இருந்தபோது வீட்டில் ஒரு சிறு அச்சகம் வைத்து, தன் மாணவராக இருந்த கார்ல் சாண்ட்பர்க்கின் முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட்டவர். 1928-இல் அவர் எண்ணெய்களின் மீதான இறக்குமதி வரி பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பு ஒன்றில், விலையும் விற்பனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகரும்போது தேவையின் கோட்டையும் அளிப்பின் கோட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்ற சிக்கலுக்கு வழி சொல்லப்பட்டிருந்தது. மகனின் பாதைமுறையும் அதில் இருந்தது. எழுதியது தந்தையா, மகன் எழுதித் தந்தாரா என்று பொருளியல் அறிஞர்கள் வெகுகாலம் வாதிட்டார்கள். 2003-இல் ஜேம்ஸ் ஸ்டாக்கும் ஃபிரான்செஸ்கோ ட்ரெப்பியும் சொல்நடையை எண்ணிக் கணக்கிட்டு, எழுதிய கை தந்தையுடையது என்றார்கள். ஆனால் முறை மகனுடையது. அந்தப் பக்கங்களில் அம்பு மகனிடமிருந்து தந்தைக்குப் போகிறது.

அம்பின் திசையை எண் சொல்லாது. இந்தத் துறையில் கால்வைக்கும் எவரும் முதலில் கற்க வேண்டியது இதுவே. கடைசிவரை கற்காமல் போவதும் இதுவே. இரண்டு மாறிகளுக்கிடையே ஒட்டுறவு 0.4 என்றால், அம்பை இப்படிப் போட்டாலும் 0.4, அப்படிப் போட்டாலும் 0.4. மூன்று மாறிகளை எடுங்கள். ஊதியம் பணிநிறைவைத் தந்து, பணிநிறைவு விசுவாசத்தைத் தருகிறது என்று ஒரு படம் வரையலாம். விசுவாசம் பணிநிறைவைத் தந்து, பணிநிறைவு ஊதியத்தைத் தருகிறது என்று தலைகீழாக வரையலாம். பணிநிறைவே மற்ற இரண்டையும் தருகிறது என்றும் வரையலாம். ஒரே நேரத்தில் எடுத்த ஒரே கேள்வித்தாளின் எண்கள் மூன்று படத்துக்கும் ஒரே அளவில் பொருந்தும். இவற்றில் எது உண்மை என்று எந்த மென்பொருளும் சொல்லாது. அம்பை வரைபவர் ஆய்வாளர். கணினி, வரைந்தபின் எண்ணை எழுதுகிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு அம்பு போட பிளாவுக்கும் டங்கனுக்கும் இருந்த உரிமை, தந்தை முன்னால் பிறந்தவர் என்பதிலிருந்து வந்தது.

1999-இல் ஹூ, பெண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். படம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் குறியீடுகளுக்கான எல்லைகளை ஆராய்ந்த கட்டுரை. ஒன்று 0.95-ஐ ஒட்டியோ மேலோ இருக்க வேண்டும், இன்னொன்று 0.06-ஐ ஒட்டியோ கீழோ இருக்க வேண்டும் என்பவை ஆய்வேடுகளில் மந்திரம்போல் ஆகிவிட்டன. எண் வரவில்லையென்றால் மென்பொருளே ஒரு பட்டியல் நீட்டும்: இந்த இரண்டு சின்ன வட்டங்களுக்கிடையே ஒரு வளைகோடு போடு, எண் ஏறும். போடுகிறோம், ஏறுகிறது. அந்த வளைகோட்டுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு கேள்விகளின் மீதிகளுக்குப் பொதுவாக, நாம் பெயரிடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அதன் பொருள். ஒரு கண்டுபிடிப்பு வாசலில் வந்து நிற்கிறது; அதைப் பொருத்தக் குறியீட்டுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துகிறோம்.

நீள்வட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வகம் நாம் அளந்தது. நீள்வட்டம், நேரே அளக்க முடியாவிட்டாலும் இருப்பதாக நாம் நம்புவது. 1904-இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் பல பாட மதிப்பெண்களுக்குப் பின்னால் ஒரே பொது அறிவுத்திறன் இருப்பதாகக் கருதியதிலிருந்து இது தொடங்குகிறது. ஸ்பியர்மனின் நீள்வட்டத்தையும் ரைட்டின் அம்பையும் 1970-களில் ஸ்வீடனின் கார்ல் யோரெஸ்கோக் ஒரே கணக்கில் சேர்த்து, லிஸ்ரல் என்ற நிரலாக்கினார். கென்னத் போலன் 1989-இல் எழுதிய பாடநூலில் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வளரும் நாடுகள் 75. அவற்றில் 1960-இலும் 1965-இலும் ஜனநாயகம் எவ்வளவு? பத்திரிகைச் சுதந்திரம், எதிர்ப்புக் குழுக்களின் சுதந்திரம், தேர்தலின் நேர்மை, சட்டமன்றத்தின் தன்மை என்று நான்கு செவ்வகங்கள். நடுவில் ஜனநாயகம் என்ற நீள்வட்டம். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஒரு சின்ன வட்டம். அங்கே அதன் பொருள் தெளிவு: பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நிபுணர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் ஜனநாயகத்தால் வராத பங்கு அது. அளவைப் பிழை அதில் இருக்கிறது. அந்த நாட்டுக்கே உரிய, ஜனநாயகம் என்ற சொல்லுக்குள் அடங்காத ஏதோ ஒன்றும் இருக்கலாம். நான் தேர்வில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இப்போது 0.753-க்குத் திரும்புகிறேன். அந்த அம்பை ஊழ் என்று சொல்லிவிடத் தமிழ் படித்தவருக்குக் கை துறுதுறுக்கும். டங்கன் அப்படி விடவில்லை. அந்த எச்சத்தைக் கையால் துழாவி ஒன்றை வெளியே எடுத்தார். 1969-இல் வந்த கட்டுரையில் அவர் கேட்டது: அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் வறுமை தந்தையரிடமிருந்து வந்த வறுமையா, நிறத்தினால் வந்ததா? தந்தையின் நிலை, உடன்பிறந்தார் எண்ணிக்கை, படிப்பு, வேலை என்று ஒவ்வொன்றையும் வெள்ளையருக்குச் சமமாக்கிக் கணக்கிட்டாலும் வருமானத்தில் பெரிய பள்ளம் ஒன்று மூடாமல் நின்றது. ஏழ்மை வழிவழியாக வருகிறது என்ற வசதியான விளக்கம் அங்கே உடைந்தது. எச்சத்துக்குள் இருந்ததற்குப் பெயர் இனப்பாகுபாடு. நான் மதிப்பிட்ட பணிநிறைவு ஆய்வேடுகளில் சாதிக்கு நீள்வட்டமும் இருந்ததில்லை, செவ்வகமும் இருந்ததில்லை. அது சின்ன வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது. 1962-இன் தாய்மார்கள் இருக்கும் இடமும் அதுதான்.

அந்த 1967 நூலை எழுதிய இருவரையும் அவர்கள் வரைந்த படத்திலேயே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. டங்கனின் தந்தை ஓட்டிஸ் டூரண்ட் டங்கன், ஓக்லஹோமாவில் சமூகவியல் பேராசிரியர். மகனும் சமூகவியல் பேராசிரியர். பெயரில்கூடப் பாதி அப்பாவுடையது. 0.115 அம்பின்மேல் நேராக நடந்துவந்தவர். பீட்டர் பிளா 1918-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி, பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, அமெரிக்காவின் எல்ம்ஹர்ஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த மதபோதகர்களைச் சந்தித்தார். அகதி மாணவர் ஒருவருக்கான உதவித்தொகை அவர்கள் மூலமாக அவருக்குக் கிடைத்தது. பெற்றோர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அவருடைய தந்தையின் கல்வியையும் தொழிலையும் வைத்து அவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனதை எந்தக் கெழுவாலும் கணிக்க முடியாது. படத்தின் ஒரு ஓரத்தில் டங்கன் நிற்கிறார். வெற்றுத்தாளிலிருந்து வரும் அம்பின் பக்கம் பிளா நிற்கிறார்.

படத்தின்மேல் எழுந்த கண்டனங்களில் கூர்மையானது பெர்க்லியின் புள்ளியியலாளர் டேவிட் ஃபிரீட்மனுடையது. இந்த அம்புகள் தாங்கிநிற்கும் அனுமானங்களை யாரும் சோதிப்பதில்லை என்று 1987-இல் எழுதினார். 1991-இல், காலராவுக்குத் தண்ணீரே காரணம் என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ எப்படி நிறுவினார் என்பதை எடுத்துக்காட்டினார்: வீடு வீடாகப் போய், எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று விசாரித்து, செருப்புத் தேய நடந்து. டங்கனுக்கும் இதே கோபம் இருந்தது. 1984-இல் எழுதிய நூலில், கணக்குப் போடுவதையே ஆய்வு என்று எண்ணும் பழக்கத்துக்குப் புள்ளியியல்வாதம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துச் சாடினார். இந்த முறையைச் சமூகவியலுக்குக் கொண்டுவந்தவர், அது பரவிய விதத்தைப் பார்த்துச் சலித்தார். பிள்ளை எப்படி வளரும் என்பதில் தந்தையின் நேர்ப்பங்கு சிறிதுதான் என்று கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே.

ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏமோஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் வரையுங்கள், எண் வரட்டும். முடிவுரைக்கு முன் ஒரு பக்கம் ஒதுக்கி, எச்சம் என்று தலைப்பிடுங்கள். விளக்கப்படாதது எத்தனை சதவீதம் என்று முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் படத்தில் இடம் கிடைக்காத காரணங்கள் என்று நீங்கள் நினைப்பவற்றை அதன் கீழே பெயர்சொல்லி எழுதுங்கள். நான் தேர்வாளராக வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.